நீரில் கரைபவை

ட்ரோம்சோவில் ஜனவரி. பகல் என்பது
பதினோரு மணிக்கு ஜன்னலில் கொஞ்சம் நீலம்,
ஒரு மணிக்கு அதுவும் இல்லை.

ஏழாம் படுக்கையில் ஓட்வார், காட் மீன் படகுக்காரர்.
தூண்டில் முள் கட்டைவிரலில் குத்தியது;
நான்கே நாளில் விஷம் சிறுநீரகம் வரை போயிற்று.
இப்போது அவர் ரத்தம்
உடம்புக்கு வெளியே ஒரு சுற்றுப் போய்த் திரும்புகிறது,
நிற்காமல்.

இரண்டு மணிக்கொரு பை நிறையும்.
ஐந்து லிட்டர், இளமஞ்சள்,
பிறந்த குழந்தையை விடக் கனம்.
சில்யே அதை இடுப்போடு அணைத்துத்
தூக்கிப்போய்த் தொட்டியில் சாய்க்கிறாள்.
ஆறு மணிக்கொரு தரம் பொட்டாசியம் பார்க்கிறார்கள்,
பாஸ்பேட் பார்க்கிறார்கள், குறைந்ததை ஏற்றுகிறார்கள்.
தாளில் அவற்றுக்குக் கட்டம் உண்டு.
கட்டம் இல்லாதவை
கேட்பாரில்லாமல் போகின்றன.

அந்த வடிகட்டி
பாலையும் நீரையும் பிரிக்கிற அன்னம் அல்ல.
நெய்யை விட்டுக் கசடைப் பிடிக்கிற பன்னாடையும் அல்ல.
அதற்குத் தெரிந்தது அளவு மட்டும்:
சிறியது போகலாம், பெரியது நிற்கட்டும்.
யூரியா சிறியது.
வைட்டமின் சி-யும் சிறியது, தயமினும் சிறியது.
ஒரே வாசல், ஒரே வரிசை.
சிறுவயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு
அவர் விழுங்கிய மீன் எண்ணெயில் இருந்தவை
தண்ணீரோடு போகாத ஜாதி,
ஈரலில் எங்கோ மிச்சமிருக்கலாம்.

ஒன்பதாம் இரவு, கால் துடைக்கையில் கண்டாள்:
ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் ஒரு செம்புள்ளி,
மயிர் திருகாணிபோல் சுருண்டு.
பல் துடைத்த பஞ்சில் ரத்தம்.
ஹெப்பாரினாக இருக்கும் என்றார் மருத்துவர்.
இருக்கும்.
ஆனாலும் ஒரு குழாய் எடுத்தாள்.
அலுமினியத் தாளில் சுற்று, ஐஸில் வை,
வெளிச்சம் படக் கூடாது என்றது குறிப்பு.
இந்த ஊரில் இந்த மாதத்தில்
அது ஒன்றுதான் சுலபம்.
ஓஸ்லோ விமானம் பனிப்புயலில்
இரண்டு நாள் கிளம்பவில்லை.

முடிவு வரும்வரை எவ்வளவு கொடுப்பது?
குறைந்தால் ஈறு,
கூடினால் படிகமாகிச் சிறுநீரகத்திலேயே தங்கும்.
மருந்தாளர் தோளைக் குலுக்கினார்.
குத்துமதிப்பாக ஒரு கிராம்.
அதிலும் ஒரு பங்கு
மஞ்சள் பையில் ஏறியிருக்கும்.

அவர் மனைவி கூன்வோர் ஒரு ஜாடி கொண்டுவந்தாள்.
மூல்தே, சதுப்பில் விளையும் ஆரஞ்சுப் பழம்,
முந்நாளில் கப்பலோடிகள் பீப்பாயில் அடைத்துக்கொண்டது.
எந்தச் சதுப்பு என்று
முப்பது வருடமாகக் கணவனிடமும் சொன்னதில்லையாம்.
தொண்டையில் குழாய் இருப்பவருக்கு ஜாம் எதற்கு?
இன்சுலினுக்கும் யாரோ மறந்த தயிருக்கும் நடுவில்
குளிர்பெட்டியில் வைத்தார்கள்.

பதினாறாம் நாள் முடிவு வந்தது. மூன்று.
இருபத்து மூன்றாவது இருக்க வேண்டும் என்று
பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது.
எந்திரத்தை எடுத்து நான்கு நாளாயிற்று.
ஓட்வார் இப்போது கீழ்த்தளத்தில்;
தாமாகவே நாற்பது மில்லி பெய்தார் என்று
இங்கே கேக் வெட்டியிருந்தார்கள்.
ஏழாம் படுக்கையில் வேறொருவர்,
அவருக்கும் அதே தாள், அதே கட்டங்கள்.
சில்யே ஓரத்தில் ஒரு கட்டம்
பேனாவால் கிழித்தாள், கோணலாக.

ஷிப்ட் முடிந்து ஜாடியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.
கையில் ஒன்றுமே இல்லாததுபோல் லேசாக இருந்தது.
அவர் கண் திறந்தார்.
மூடியைத் திறக்கும்வரை பேசவில்லை.
பிறகு, குழாய் கீறிய குரலில்:
எந்தச் சதுப்பு என்று
உன்னிடமாவது சொன்னாளா?