நீடாமங்கலம் கேட்

ஒரே பிரேக்கில் போனது
ரெண்டு பேருக்கும் முன்பல்.
எனக்குப் படிக்கம்பியில்,
டிரைவர் இருதயசாமிக்கு ஸ்டியரிங்கில்.
குறுக்கே வந்த ஆடு பிழைத்துக்கொண்டது.

அவர் அன்றைக்கே மன்னார்குடி போய்விட்டார்.
வேரைப் பிடுங்கிய குழியிலேயே
சூட்டோடு சூடாகத் திருகாணி.
எனக்கு முகூர்த்த சீசன், லீவு இல்லை.
பத்து நாள் கழித்துப் போனால் குழியில் சீழ்.
"ஆறட்டும், எலும்பு வளரட்டும்,
மூணு மாசம் கழிச்சு வாங்க."
நேரடி விதைப்பு, நாற்று நடவு என்று
டாக்டரம்மா ஏதோ விளக்கினார்.
எனக்கேது வயல்?
கேட்டில் நிற்கிற மாதிரி என்று நானே புரிந்துகொண்டேன்.

அந்த மூன்று மாதமும்
வாயில் விசில் வரவில்லை, வெறும் காற்று.
தகரத்தைத் தட்டித்தான் வண்டி கிளம்பியது.
"சில்லறை" என்றால்
முன் சீட்டில் சாரல்.

ஒரு வருஷம் கழித்து
ரெண்டு படத்தையும் விளக்கில் மாட்டி
ஸ்கேல் வைத்துப் பார்த்தார்.
ரெண்டும் அசையவில்லை.
அவருக்கு ஈறு அரை மில்லி ஏறியிருக்கிறதாம்,
எனக்கு அதிலும் பாதி.
"அப்ப எதும்மா நல்லது?"
"ரெண்டு வாயை வச்சுச் சொல்லிட முடியாது."

இன்றைக்கும் கேட் மூடியிருக்கிறது.
சரக்கு ரயில், பெட்டி எண்ணி முடியவில்லை.
ஜன்னலுக்கு வந்த வெள்ளரிப் பிஞ்சை
இருதயசாமி முன்பல்லால் நறுக்கென்று கடிக்கிறார்.

நான் பழக்கம் விடாமல்
கடைவாய்க்குத் தள்ளுகிறேன்.