தகரக்கூரை

கோத்தகிரி ஈரத்துக்குக்
காது மெஷின் கரகரக்கும்.
ராத்திரி அரிசி டப்பாவில் புதைத்து வைப்பேன்;
காலையில் ஒரு குருணை ஒட்டியிருக்கும்.

ரூத் டீச்சர் பலகைப் பக்கம் திரும்பினால்
எனக்குப் பாடம் முடிந்தது.
என்னைப் பார்த்தே சொன்னாலும்
பாலையா, மாலையா?
உதட்டில் இரண்டும் ஒன்றுதான்.
ஐந்தாம் திணை மாலை என்று எழுதிவைத்தேன்.
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி,
காது மாதிரியே.

ஐப்பசியில் ஒரு புதன்
தகரத்தில் இறங்கியது மழை.
நாற்பது பேரும்
கழுத்தை நீட்டி, புருவம் சுருக்கி,
புரிந்த மாதிரி தலையாட்டினார்கள்.
என் முகத்தை
அன்றுதான் வெளியிலிருந்து பார்த்தேன்.

டீச்சர் நிறுத்தவில்லை.
ஹேமலதா முழங்கையால் இடித்து
வாயசைத்தாள்:
என்னடி சொல்றாங்க?

பாலை, என்றேன்.
மாலையாகவும் இருக்கலாம்.