ட்ராமில் கழிப்பறை கிடையாது

போர்ட்டோவில் ஆற்றோரம் தொடங்கி
கடல்வாய் வரை போகிற தடம் என்னுடையது.
போக அரைமணி, வர அரைமணி,
முனையில் எப்போதும் ஒரு வரிசை.
பித்தளைப் பிடியில் என் கை,
முதுகுக்குப் பின்னால்
வெயில் கண்ணாடி போட்ட நாற்பது விருந்தாளிகள்.
நடுவில் இறங்கி ஓட வழியில்லை.

ஆகவே அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை
வேலை நாட்களில் நான் விழுங்கவில்லை.
யாரிடமும் சொல்லவுமில்லை.
எர்மெலிண்டாவுக்கு எல்லாம் கட்டுக்குள் என்று
டிப்போவில் பேச்சு.

காலுறையைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றி ஒரு பள்ளம்.
விரலால் அழுத்தினால்
எழ மனமில்லாத குழி.
உப்புக்குத்தான் எத்தனை ஞாபகம்!
ஞாயிறு மதியம் தின்ற காட் கருவாட்டை
செவ்வாய் இரவு வரை வைத்திருந்து காட்டியது.

ஒரு வெள்ளிக்கிழமை கணக்குப் பார்த்தேன்,
ஐந்து நாள் பாக்கி.
கொஞ்சமாவது அடைப்போமென்று
படுக்கும் முன் இரண்டாகப் போட்டுக்கொண்டேன்.
இரவெல்லாம் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும்
நானே ட்ராம்.
நான்காவது நடையில்
சுவர் சாய்ந்தது, பிறகு விளக்கு,
பிறகு நான்.
துவாலைக் கம்பி நெற்றியில் கையெழுத்துப் போட்டது.

மருந்துக்கடை துவார்த்தே திட்டவில்லை.
திட்டியிருந்தால் வேறு கடைக்குப் போயிருப்பேன்.
"உங்கள் வண்டி எத்தனை மணிக்கு நிற்கும்?" என்றார்.
ரத்தக்கொதிப்பு எத்தனை என்று கேட்டவர்கள் உண்டு.
வண்டியைப் பற்றி யாரும் கேட்டதில்லை.
இரண்டு மணிக்கு, என்றேன்.
டாக்டரைத் தொலைபேசியில் பிடித்து என்னவோ பேசினார்.
பிறகு பெட்டியின் மேல் பென்சிலால், பெரிதாக: 2.
விட்டுப்போனது விட்டுப்போனதுதான், மறுநாள் இரட்டிக்க வேண்டாம்.
இருட்டிய பிறகு இதன் பக்கமே போக வேண்டாம்.
முட்டிவலிக்கென்று நான் எடுத்துவைத்திருந்த அட்டையை
கையிலிருந்து மெல்ல வாங்கி
திரும்பவும் அலமாரியில் வைத்தார்.
இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகம்தான் அடி வாங்குமாம்.

இஸால்டினா அன்பாகத் தந்தாள் ஒரு டப்பா,
உப்பில்லாத உப்பு.
அதையும் கொண்டுபோய்க் காட்டினேன்.
உள்ளே இருப்பது பொட்டாசியம்.
சில மாத்திரை அதை வடித்துவிடும்,
சில மாத்திரை பிடித்துவைத்துக்கொள்ளும்.
என்னுடையது வடிக்கிற ஜாதி,
ஆனாலும் ரத்தம் பார்க்காமல் ஒரு சிட்டிகையும் ஆகாது.
டப்பா இப்போது ஜன்னலோரம் பேனாக்களைத் தாங்குகிறது.

ஆகஸ்டில் கெட்டுப்போன மட்டி.
வாந்தி, பேதி, வெளியே கொதிக்கும் தண்டவாளம்.
மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே
சுகாதார நிலையத்தை அழைத்தேன்.
இன்று வேண்டாம், என்றது ஒரு இளம் குரல்,
நாளையும் கூப்பிடுங்கள்.
மூன்றாம் நாள், கஞ்சி வயிற்றில் தங்கியபின்,
தொடங்கலாம் என்றாள்.
நானாக நிறுத்தாத முதல் நிறுத்தம் அது.

காலையில் எடைக்கருவி, காபிக்கு முன், வெறுங்காலோடு.
நாட்காட்டியில் புனிதர்களின் பெயருக்குக் கீழே என் கிலோ.
மூன்று நாளில் இரண்டு கூடினால் சொல்ல வேண்டும்.
ஒருமுறை கூடியது. சொன்னேன்.
புனிதர்கள் கண்டுகொள்ளவில்லை.

இன்று டிசம்பர் இருபத்திரண்டு.
பண்டிகைக் கருவாடு, பலகைபோல் விறைத்தது,
சட்டியில் ஊறுகிறது.
முதல் தண்ணீர் கடல்.
இரண்டாவது, அழுதவள் உதடு.
மூன்றாவதற்கு இன்னும் நேரமிருக்கிறது.
அவசரப்பட்டு வெந்நீர் ஊற்றினால் மேலே வெந்து நடுவில் உப்பு,
மறந்து விட்டுவிட்டால் வெறும் சக்கை.
இந்த வீட்டில் நடுராத்திரி நான் எழுவது
இப்போது இதற்கு மட்டும்.
அப்போதும் கட்டில் விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்து,
தலை வந்து சேர்ந்த பிறகே கால்.

உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்தாக வேண்டும்.
குடித்ததை எங்கே இறக்கிவிடுவது?

இரண்டு மணி.
கடைசி நிறுத்தம்.
எல்லோரும் இறங்கிக்கொள்ளலாம்.