ஒன்பது மில்லிமீட்டர்

ஃபெலிக்ஸ்டோ துறைமுகத்தின் வாசலுக்கு எதிரே
எங்கள் பட்டறை.
மொரீன் ஹாட்ச் லாரியை விட்டு இறங்கும்போதே தீர்ப்பு சொன்னாள்:
"ரோட்டில்தான் கோளாறு.
மழைத்தண்ணீர் வடியட்டும் என்று
இந்த நாட்டில் எல்லா ரோட்டையும்
இடப்பக்கம் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள்."

பொய்யில்லை.
ஆனால் அதே ரோட்டில் ஓடுகிற மற்ற லாரிகள்
அழுதுகொண்டு என்னிடம் வரவில்லையே.

எட்டு மாதத்தில் மூன்று ஜோடி முன் டயர்.
இப்ஸ்விச்சில் ஒருவன்
முன்சக்கரக் கோணத்தை இரண்டு முறை திருத்தினான்.
மூன்றாம் முறை
காற்று குறைவு என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டான்.

நான் கையுறையைக் கழற்றினேன்.
கருவி எல்லாம் பிறகு.
உள்ளங்கையை டயரின் குறுக்கே இழுத்தால்
ஒரு போக்கில் வழுக்கியது.
திருப்பி இழுத்தால் குத்தியது,
வாலிலிருந்து தலைக்குத் தடவிய மீன்போல.

இடது டயர்: வெளி ஓரம் மூன்று, நடுவில் ஒன்பது,
உள் ஓரம் பத்து மில்லிமீட்டர்.
வலது டயரில் நேர்மாறு:
உள் ஓரம் நாலு. வெளி ஓரம் புதுசு மாதிரி.

இங்கேதான் நின்றேன்.
முன்சக்கரக் கோணம் பிசகியிருந்தால்
இரண்டும் கண்ணாடியில் பார்த்ததுபோல் தேயும்:
உள்ளென்றால் இரண்டும் உள்,
வெளியென்றால் இரண்டும் வெளி.
இவை இரண்டுமே இடப்பக்கம் தேய்ந்திருந்தன,
ஒரே காற்றுக்கு ஒரே பக்கம் சாய்ந்த பயிர்போல.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பின்னால் நகர்ந்தேன்.
உப்புச்சேறு சொட்டி நெற்றியில் விழுந்தது.
பின் ஆக்சிலைப் பிடித்திருக்கும் வலது கம்பியின் முனையில்
கடப்பாரையைச் செருகி ஒரு நெம்பு.
புஷ்ஷின் ரப்பர் வாயைப் பிளந்தது.
லேசர் கணக்குச் சொன்னது:
வலது சக்கரம் ஒன்பது மில்லிமீட்டர் பின்தங்கியிருக்கிறது.

ஒன்பது மில்லிமீட்டர்.
என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்.
அவ்வளவு போதும், பின்னாலிருந்து தள்ளுகிற ஒன்று
நாற்பத்துநாலு டன்னையும் இடப்பக்கம் கொண்டுபோக.
முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி
ஓயாமல் வலப்பக்கம் திருப்பிப் பிடிக்க.

"வலது தோள் வலிக்குமா?" என்று கேட்டேன்.
டீக்கோப்பை பாதியில் நின்றது.
"உனக்கு யார் சொன்னது?
பிசியோவுக்குப் பதினோரு வாரம் காத்திருக்கிறேன்."
ஸ்டியரிங்கின் நடுவிலிருந்த முத்திரையைக் காட்டினேன்,
நேர்ரோட்டிலும் தலை சாய்த்தே வந்திருக்கும் முத்திரை.
அதை அவள் அப்படியே பழகிவிட்டாள்,
கோணலாக மாட்டிய படத்தை
வீட்டுக்காரர்கள் பார்ப்பதில்லை.

புஷ் இரண்டு, போல்ட் புதிது,
ஆக்சில் நேர், பிறகு முன்சக்கரம்.
கடைசியில்தான் டயர்.
முதலில் டயரை மாற்றுவது
காய்ச்சல்காரனுக்குச் சட்டை மாற்றுவது.

நாலாம் நாள் மறுபடி வந்தாள், கதவை அறைந்து.
"இப்போது வலப்பக்கம் இழுக்கிறது!
வெள்ளைக்கோட்டைத் தாண்டப் பார்த்தேன்."

மறுபடி லேசர். எல்லாம் பூஜ்யம்.
மறுபடி உள்ளங்கை. ஒரு செதிலும் இல்லை.
அவளை ஏற்றி, காலியான கன்டெய்னர் முற்றத்துக்கு ஓட்டச் சொன்னேன்.
மெதுவாகத்தான் போனோம். வலது கை
தானாகவே கீழே இழுத்துக்கொண்டிருந்தது,
இல்லாத ஒன்றை எதிர்த்து.

"கையை எடுங்கள்."
"பைத்தியமா?"
"மூன்று நொடி."

எடுத்தாள்.
முத்திரை நிமிர்ந்து நின்றது.
கிரேன்களை நோக்கி, கட்டிய நூல்போல
லாரி நேராகப் போனது.
கடற்புள் ஒன்று கடைசி நிமிடத்தில் எழுந்து விலகியது.

அவளுடைய இரண்டு கைகளும்
ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில்,
எங்கே வைப்பதென்று தெரியாமல்.

பில்லில் புஷ், போல்ட், கூலி எழுதினேன்.
தோளுக்கு எத்தனை நாளாகும் என்று அவள் கேட்டாள்.
அந்த வரியைக் காலியாக விட்டேன்.