நாயைப் பிடியுங்கள்

இந்த மொழி எனக்குக் கொடுத்த முதல் வாக்கியம்
சமாதானம் உண்டாவதாக, அல்ல.
நோஹொய் ஹொர்.
நாயைப் பிடியுங்கள்.
மங்கோலியாவில் கதவைத் தட்டுவதில்லை.
கூடாரத்துக்குக் கதவுண்டு, தட்டினால் சிரிப்பார்கள்.
ஐம்பதடி தள்ளி நின்று
நாயைப் பிடியுங்கள் என்று கத்த வேண்டும்,
நாயே இல்லாத வீடானாலும்.

இலோய்லோவில் என் சபையார்
விமான நிலையம்வரை பாடிக்கொண்டே வந்தார்கள்.
பெட்டியில் ஆறு வேதாகமம்,
பன்னிரண்டு ஜோடி கம்பளிக் காலுறை,
யாருக்கும் தெரியாமல் அத்தை செருகிய
அரைக் கிலோ கருவாடு.
ஒரு ஞாயிறு அதை வறுத்தேன்.
பக்கத்துக் கூடாரத்துச் செவெல்மா ஓடிவந்து
எது செத்தது என்று கேட்டாள்.
இரண்டு நாள் அவள் பிள்ளைகள்
என் வாசலைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.
மூன்றாம் நாள்
வேகவைத்த ஆட்டுத்தலையைத் தட்டில் கொண்டுவந்தாள்,
கண்களோடு.
ஒரு கண்ணைச் சாப்பிட்டேன்.
கணக்கு நேரானது.

விடியுமுன் அடுப்பு அணைந்துவிடுகிறது.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டு.
முழங்காலிட்டு, காய்ந்த சாணத்தை ஊதுகிறேன்.
முழங்காலிட்டதுதான் இட்டோம் என்று ஜெபத்தையும் தொடங்கினால்
ஆமெனுக்கு முன் புகை வந்துவிடுகிறது.
ஆற்றை வெட்டிச் சாக்கில் கட்டி
முதுகில் கொண்டுவருகிறேன்.
சாக்கில் தண்ணீர் சுமக்கிறேன் என்று ஊருக்கு எழுதவில்லை.
உவமை என்று நினைத்து
பாஸ்டர் பிரசங்கத்தில் சேர்த்துக்கொள்வார்.

பிப்ரவரியில் முதன்முறை என்னைப் பேசச் சொன்னார்கள்.
ஒன்பது பேர், தூங்கும் ஒரு குழந்தை.
தேவன் அன்பாகவே இருக்கிறார்.
இவர்கள் மொழியில் மூன்றே சொல்.
அன்புக்கு ஹைர். கருப்புக்கு ஹர்.
நாக்கு விறைத்திருந்தது.
தேவன் கருப்பு என்றேன்,
நிறுத்தி, அழுத்தி, இரண்டு தடவை.
ஒருவரும் சிரிக்கவில்லை.
தம்தின்சூரென் தொப்பியைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் பனி விழவில்லை.
அப்படிப்பட்ட குளிர்காலத்துக்குக்
கருப்புப் பஞ்சம் என்று பேர்.
மேய்ச்சல் வெளியில் நக்குவதற்குப் பனியில்லாமல்
தாகத்தில் மடிகிறது மந்தை.
அவருடையது முந்நூற்றுப் பத்து.
அன்று காலை எண்ணியபோது நாற்பத்தொன்று.
"இதற்கு முன் வந்தவர்கள் யாரும்
இதை ஒத்துக்கொண்டதில்லை" என்றார் எழுந்து போகும்போது.

அடுத்த வாரம் உச்சரிப்பைத் திருத்திச் சொன்னேன்.
எட்டுப் பேர்தான் இருந்தார்கள்.

அதனால் நான் அவரிடம் போனேன்.
ஐம்பதடியில் நின்று கத்தினேன்.
நாயை யாரும் பிடிக்கவில்லை,
அவர் பின்புறம் தோலுரித்துக்கொண்டிருந்தார்.
நாய் வந்தது. கன்றுக்குட்டி உயரம், கரடி மயிர்.
எந்த மொழியில் ஜெபித்தேன் என்று நினைவில்லை.
என் கையுறையை வாயில் பிடித்துக்கொண்டு,
பல் படாமல்,
இழுத்துப் போய் அவர் முன்னால் நிறுத்தியது.
அவர் நிமிராமல் ஒரு ஆட்டின் பின்னங்கால்களை நீட்டினார்.
பிடித்துக்கொண்டேன்.
இருட்டும்வரை பதினேழு.
வேதத்தில் மேய்ப்பனைப் பற்றி எவ்வளவோ இருக்கிறது,
ஒரு வரிகூட வாயில் வரவில்லை,
வராததற்காக இன்றுவரை வருந்தவும் இல்லை.

புதன்தோறும் போகிறேன்.
உப்புத் தேநீர் தருகிறார். பேச்சு குறைவு.
அன்பு, கருப்பு, இரண்டு சொல்லும்
இன்னும் என் வாயில் இடம் மாறுகின்றன,
அவர் திருத்துவதில்லை.

மாத அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு.
இம்மாதம் மனம் திரும்பியவர் எத்தனை பேர்?
நான்கு மாதம் கோடு கிழித்து அனுப்பினேன்.
ஐந்தாம் மாதம், வெட்கமா குறும்பா தெரியவில்லை,
ஒன்று என்று எழுதி
பெயருக்கு நேரே பசார் என்று போட்டேன்.
நாயின் பெயர் அது.

சபை முழுக்க எழுந்து நின்று
சகோதரர் பசாருக்காக ஜெபித்ததாம்.
சிலர் அழுதார்களாம்.
அத்தை தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறாள்,
அவருக்குக் கருவாடு பிடிக்குமா என்று.