கடைசிச் சுழி

ஒரே இழுப்பு. கையெடுக்கக் கூடாது.
வலப்பக்கம் ஒரு சின்னக் கோடு,
மனசு மாறியதுபோல் இடப்பக்கம் ஒரு சரிவு,
பிறகு வயிற்றைத் தள்ளிக்கொண்டு பெரிய வளைவு,
முடிகிற இடத்தில்
தன் வாலைத் தானே கவ்வும் சுழி.
る
ரு.

சுழியை மறந்தால் ろ. ரோ.
அதுவும் ஓர் எழுத்துதான், வம்பே அதில்தான்.
வெறும் பிழையாக இருந்தால்
யாராவது திருத்தியிருப்பார்கள்.

ஹமாமட்சுவில்
பைக் இன்ஜினுக்குள் போகும் ரப்பர் வளையங்களைச்
சோதிக்கும் வேலை எனக்கு.
மணிக்கு அறுநூறு.
மயிரளவு பிசிறு இருந்தாலும் சிவப்புப் பெட்டி.
வளையத்தில் ஏமாறாத கண்
எழுத்தில் ஏமாறுகிறது.

வாய் அதைவிட மோசம்.
லொந்த்ரினாவில் என் பெயரை ர போட்டு எழுதி
ஹோசிலேனி என்று கூப்பிடுவார்கள்.
எங்கள் ஊர் நாக்கில்
சொல்லின் தலையில் ர நிற்காது,
மூச்சாகக் கரைந்துவிடும்.
வந்த புதிதில் ராமென் கடையில் உட்கார்ந்து
“ஹாமென்” என்றேன்.
ஜெபம் முடிக்கிறேன் என்று நினைத்துக்
கடைக்காரர் மரியாதையாகக் காத்திருந்தார்.

தெராகாதோ பக்கத்து மேசை.
என் வயது, என்னைப் போலவே விவாகரத்து,
என்னைவிட வேகமான விரல்.
“என் பெயரில் வருகிற ர-வை
ஒழுங்காகத்தானே சொல்கிறாய்” என்றாள் ஒருநாள்,
முகமூடிக்குள்ளிருந்து, வளையத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

அட.
முன்னால் ஓர் உயிர் இருந்தால் வருகிறது.
நாக்கு மேலண்ணத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு
ஓடிவிடுகிறது:
ர-வும் இல்லை, ல-வும் இல்லை,
கதவைத் தட்டிவிட்டு ஒளியும் பிள்ளை மாதிரி.
உரு, உரு, உரு என்று சொல்லிச் சொல்லி
முன்னால் நிற்கும் உயிரை
கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கப் பழகினேன்.
குளிக்கும்போது. சிக்னலில்.
கன்வேயர் இரைச்சலில், யாருக்கும் கேட்காமல்.

பிப்ரவரியில் ஒரு மாலை.
வறட்டுக் காற்று
ஷெட்டிலிருந்த சைக்கிள்களை வரிசையாகச் சாய்த்திருந்தது.
அவளுக்கு ஓவர்டைம், எனக்கு இல்லை.
அவள் லாக்கரில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டினேன்,
நானே எழுதியது, முதல்முறையாக:
கயெரு.
வீட்டுக்குப் போகிறேன். அவ்வளவுதான்.

குவியலுக்கு அடியிலிருந்து
என் சைக்கிளை உருவிக்கொண்டிருந்தபோது
ஓடிவந்தாள்.
கோட்டில் ஒரு கைதான் நுழைந்திருந்தது.
“சரி, வா” என்றாள், சீட்டை ஆட்டி.
கயெரோ.
சேர்ந்து போகலாம், வா.

சுழி இல்லை.

பாலம்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம்.
காற்று எதிரே.
பேசினால் வாய்க்குள் மணல்.
ஆனாலும் பேசினாள்:
கயெரு என்றால் தவளையும்தானாம்,
சின்ன வயதில் அவளுக்குத் தவளையென்றால் பயமாம்,
வீட்டில் யாரும் காத்திருக்கவில்லையாம்.

அன்றிரவு நோட்டில் இரண்டு பக்கம் る எழுதினேன்.
எல்லாவற்றுக்கும் சுழி போட்டேன்.

அவளுக்குப் போனது மூன்று மணிநேரக் கூலி.
இன்னும் சொல்லவில்லை.