சீமைக்காய்

கேத்தி பாலடாவில் கேரட் கழுவும் எந்திரம்
இரவு ஒன்றரைக்குச் சுற்றத் தொடங்கும்.
டிரம்முக்குள் கல் உருளுகிற சத்தம்.
கறுப்பாய் உள்ளே போவது
வெட்கமில்லாத ஆரஞ்சாய் வெளியே வந்து விழும்.
விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டி சேரணும்.
கீழே இதற்கு இங்கிலீஷ் காய் என்று பேர்.

தராசின் மேல் ஒரு வினாத்தாள் கிடந்தது.
ஸ்டெல்லாவின் மகனுடையது; பின்பக்கம்
அவள் பால்கணக்குப் போட்டிருந்தாள்.
ஐரோப்பியர் கடல்வழி தேடி வந்ததன்
காரணங்களை விவரி. ஐந்து மதிப்பெண்.

டீ வரும்வரை ஆளுக்கொன்றாய் எடுத்தோம்.

மிளகு, என்றான் லாரி அருளானந்து.
நடுவில் தரகர் பெருத்துப்போனால்
நேரே தோட்டத்துக்கு வந்து நிற்பானே ஒரு வியாபாரி,
அது மாதிரி.
தங்கம், என்றாள் ஸ்டெல்லா.
அவள் மூக்குத்தி அடகில் இருக்கிறது.
சாமி, என்றார் யாரோ.
சாமி முன்னால் வந்ததா துப்பாக்கி முன்னால் வந்ததா என்று
கொஞ்ச நேரம் சண்டை.

கேரட்டுக்குச் சொந்தக்காரர் ஹாலன் கவுடர்
தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு சொன்னார்:
ஆறு மாசம் கப்பலில் வாந்தியெடுத்து வந்தவன்
கீழே வேர்வை தாங்காமல்
தன் ஊர் மாதிரி ஒரு ஊர் தேடி இங்கே ஏறினான்.
அதுக்கு ஊர்லயே இருந்திருக்கலாம்.

சிரித்தோம். ஐந்தாவது என் முறை.

நான் ஸ்டெல்லாவின் டிபன் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மிளகைத் தேடிக் கிளம்பினவன்
திசை தப்பி எங்கோ கரையேறி
கொண்டுவந்து கொட்டியது மிளகாய்.
மிளகின் பேரையே இரவல் வாங்கிக்கொண்டு
நம் சட்டிக்குள் சம்மணமிட்டுவிட்டது.
அதை யாரும் வந்தேறி என்பதில்லை.
உருளைக்கிழங்கை, சரிவில் நிற்கும் தைல மரத்தை
நீ எந்த ஊர் என்று கேட்பதில்லை.

எங்களைத்தான் இன்னமும் சிலோன்காரங்க என்கிறார்கள்.

பஞ்சத்தில் புறப்பட்ட எங்கள் ஆட்களுக்கு
மண்டபத்தில் கழுத்தில் ஒரு தகர வில்லை.
எந்த மலை எந்தத் தோட்டம் என்று
வில்லைக்குத் தெரியும். கழுத்துக்குத் தெரியாது.
காடு வெட்டி, காப்பி நட்டு, காப்பி செத்து,
தேயிலை நட்டு.
பிறகு எங்கோ இரண்டு பேர் கையெழுத்திட,
அப்பா ஆறு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து
பார்த்தேயிராத தாயகத்துக்குத் திரும்பி வந்தார்.
அவர்கள் கடந்த கடலுக்குப் பாடம் இருக்கிறது,
பாய்மரப் படத்தோடு.
இந்தப் பக்கம் கடந்ததற்கு
விவரி என்று ஒருவரும் கேட்கவில்லை.

அஞ்சாவது என்னங்கிறேன், என்றாள் ஸ்டெல்லா.
சுமக்க ஆள் வேணும்னு, என்றேன்.
என்ன?
எந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.

வினாத்தாளை நனையாமல் பில் புத்தகத்துக்குள் வைத்தேன்.
ஏழாம் மூட்டை. ஐம்பத்திரண்டு கிலோ.
சாக்கின் கழுத்தில் நீலப் பென்சிலால் எண் போட்டேன்.
ஈரத்துக்கு ரெண்டு கழிச்சுக்கோ, என்றார் கவுடர்.

கழித்தேன்.